திருகோணமலைப் பழைய வீடுகளில் ஓதம்

நிலத்து ஈரம் அத்திவாரம் வழியாகச் சுவருக்குள் ஏறிச் சாந்தையும் பூச்சையும் மரநிலைகளையும் அரிப்பதே ஓதம். திருகோணமலையில் உட்துறைமுக வீதி, டொக்யாட் வீதி போன்ற கரையோரத் தெருக்களின் பழைய வீடுகளுக்கு இது தீராத பிணி. சீமெந்து பரவுவதற்கு முன்பு கல், செங்கல், முருகைக்கல் ஆகியவற்றைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி எழுப்பியவை அவற்றின் தடித்த சுவர்கள். நிலத்திலிருந்து ஏறிய ஈரத்தை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடுவதே அச்சுவர்களின் இயல்பு. அந்த வழியை அடைத்த சீமெந்துப் பூச்சுத்தான் ஓதத்தை நோயாக்கியது. இவ்வீடுகளில் மண் நிரப்பிய மேடையின் மேல்தான் தளம் கிடக்கிறது. தளத்தை மட்டும் அடைத்தால் ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பும்.

ஈரத்தைவிட அதனோடு வரும் உப்பே கூடுதலாகக் கெடுக்கிறது. கடற்காற்று, உவர் நிலத்தடிநீர், கழுவாத கடற்கரை மணல் ஆகியவை அதைச் சுவருக்குள் சேர்க்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை புகுந்த தாழ்நிலங்களில் கடல்நீரே சுவர்களை நனைத்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோற்றுப்பு நீரை உறிஞ்சிக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் பளிங்காகும். இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. அந்த மாரியில் கரைந்து கிடக்கும் உப்பு, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாந்தின் நுண்துளைகளுக்குள் பளிங்காகி வளர்ந்து, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. மழையே இல்லாத ஆடியிலும் பூச்சுக் கொட்டுவது இதனால்தான். அதைப் பார்த்து நீருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முடிவுகட்டுவோர் பலர். மேசனை அழைத்துச் சீமெந்து பூசச் சொல்வதும் அந்த முடிவிலிருந்தே.

சீமெந்துப் பூச்சு அடர்த்தியானது. அதன் பின்னால் சிக்கிய ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். மூன்றடி உயரத்துக்குப் பூசிய சுவரில் சில காலத்துக்குப் பின் நான்காம் அடியில் கறை தோன்றுவதே இதற்குக் கண்கண்ட சான்று. சீமெந்து உறுதியானது, மலிவானது, எளிதில் கிடைப்பது என்பார்கள். துறைமுகக் கரையிலேயே சீமெந்து ஆலை இருக்கும் ஊரில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். ஆனால் பூச்சுக்கு வேண்டியது உறுதியன்று; அது சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சும் உதிரத்தானே செய்கிறது என்ற மறுப்பு உண்மையே. உப்பைத் தன்மேல் வாங்கி உதிர்வது அதன் வேலை. பூச்சை மாற்றிவிடலாம், அரித்துப்போன முருகைக்கல்லை மாற்ற முடியாது. சுண்ணாம்புக்கு எங்கே போவது என்ற கேள்விதான் கடினமானது. சுண்ணாம்பு சுட முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அந்தத் தடை மிகச் சரியானது. மாத்தளைப் பக்கத்து டொலமைற்றுச் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள மக்னீசியம் மெதுவாகவே நீரேறும் என்பதால் நெடுநாள் ஊறவைக்க வேண்டும். சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்தும் முறை சீரான செங்கற்சுவருக்கு உதவலாம். உள்ளே இடைவெளிகள் நிறைந்த கற்சுவரில் மருந்து சீராகப் பரவாது, ஏற்கெனவே உள்ள உப்பையும் அது அகற்றாது.

திருத்தம் வெளியே தொடங்க வேண்டும். வீதியை உயர்த்தும்போதெல்லாம் வளவு பள்ளமாகிறது. சுவரோரம் குவிந்த மண்ணை வெட்டி, வெளிநிலத்தை உள்தளத்துக்குக் கீழே இறக்க வேண்டும். கூரைப் பீலியின் நீரும் கிணற்றடி நீரும் சுவரை அண்டாமல் வடிய வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட கொங்கிறீற்றுத் தளத்தை ஓரத்தில் உடைத்துச் சரளைக்கல் இடுவது நல்லது. அதன்பின் கறைக்கு மேல் அரை மீற்றர் வரை சீமெந்துப் பூச்சை உரித்து, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். நீரால் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது உலர்வதற்கான பொதுக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு ஒன்றரை ஆண்டாகிறது. வீட்டுக்காரர் பொறுமையிழப்பதும் பெரும்பாலும் இங்கேதான். உலர்ந்த பின் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையடித்தால் போதும். பிளாஸ்ரிக் பெயின்ற் பூசினால் செய்த வேலை அத்தனையும் வீணாகும். பிரெட்ரிக் கோட்டைக்குள் இருப்பவை போன்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றி எதையும் உரிக்கக் கூடாது. மற்ற வீடுகளில் வடிகாலும் பீலியும் மாரிக்கு முன்பே முடிய வேண்டும். பூச்சை உரிக்க ஏற்ற காலம் கச்சான் தொடங்கும் வைகாசி.