ஹூ, விச் கொடுத்த மனு

1711-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள். லண்டன் நகரத்துக் காப்பிக் கடைகளில் 'ஸ்பெக்டேட்டர்' என்னும் நாளிதழைப் பிரித்தவர்களுக்கு அன்று ஒரு வேடிக்கை காத்திருந்தது. 'ஹூ', 'விச்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் பத்திரிகைக்கு ஒரு மனுக் கொடுத்திருந்தன! நெடுங்காலமாக மதிப்போடு வாழ்ந்துவந்த தங்களை, 'தட்' என்ற துடுக்குப் பயல் இடம்பெயர்த்துவிட்டான் என்பது அவற்றின் முறையீடு. இரண்டு நாள் கழித்து 'தட்' தன் பங்குக்குப் பதில் அளித்தது. இந்த விளையாட்டை எழுதியவர் ரிச்சர்டு ஸ்டீல் என்ற எழுத்தாளர்.

படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த முறையீட்டில் உண்மை உண்டா? ஆங்கில வகுப்பில் இந்த மூன்று சொற்களோடு போராடிய நீங்களே வழக்கை விசாரித்துப் பாருங்கள்.

இந்தச் சொற்களுக்கு என்ன வேலை?

'கடிதம் எழுதிய மாணவன்' என்கிறோம். 'எழுதிய' என்பது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னால் நின்று அதை விளக்குகிறது. பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் கூறுகிறார். எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். மாணவன் எழுதினான், பேனாவால் எழுதினான், அறையில் எழுதினான். இந்த வேறுபாடுகளை 'எழுதிய' என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. எது எப்படி என்பதைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார்.

ஆங்கிலத்தில் வரிசை மாறுகிறது. பெயர் முதலில் வரும். விளக்கம் பின்னால் வரும். 'தி பாய் ஹூ ரோட் தி லெட்டர்' என்பதுதான் 'கடிதம் எழுதிய மாணவன்'. நடுவில் இருக்கும் 'ஹூ'வை எடுத்துவிடுங்கள். 'பையன் கடிதம் எழுதினான்' என்று பொருள் மாறிவிடுகிறது அல்லவா? கதவையும் நிலையையும் சேர்க்கும் கீல் போல, பெயரையும் விளக்கத்தையும் சேர்க்க அங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. 'தி லெட்டர் ஐ ரோட்', அதாவது 'நான் எழுதிய கடிதம்' என்னும்போது கீல் இல்லாமலும் பொருள் விளங்குகிறது. அதனால் அங்கே அதை விட்டுவிடலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்

இனி வழக்குக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' இரண்டுக்கும் இந்த வேலையே இல்லை. 'ஹ்வா', 'ஹ்வில்ச்' என்று ஒலித்த அவை, பெரும்பாலும் யார், எது என்று கேட்கும் வினாச் சொற்களாக இருந்தன. இணைக்கும் வேலையைத் 'தெ' என்ற சிறு சொல் செய்தது. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அது உருமாறாது. சில இடங்களில் 'அந்த', 'அது' என்னும் பொருளுடைய சுட்டுச் சொற்கள் அந்த வேலையைச் செய்தன. அச்சுட்டுகளுள் ஒன்றான 'தேட்' என்பதே இன்றைய 'தட்'.

12-ஆம் நூற்றாண்டு முதல் 'தெ' என்ற ஒலி, பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற சொல்லுக்கே உரியதாகிவந்தது. ஒரே ஒலிக்கு இரண்டு வேலை என்றால் குழப்பம்தானே? இணைக்கும் வேலை மெல்ல மெல்லத் 'தட்'டின் கைக்கு வந்தது. மனிதருக்கும் தட், மாட்டுக்கும் தட், மரத்துக்கும் தட்! 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் எழுத்துகளிலும் அதுவே பெரும்பான்மை.

வினாச் சொற்கள் நுழைந்த கதை

அப்படியானால் 'ஹூ'வும் 'விச்'சும் எப்போது உள்ளே வந்தன? லத்தீன், பிரெஞ்சு மொழிகளில் வினாச் சொல்லையே இணைப்புக்கும் பயன்படுத்துவார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு வழங்கியது; மடாலயங்களில் லத்தீன் வழங்கியது. இரு மொழியும் அறிந்து எழுதியவர்களின் பேனா வழியே இந்த வழக்கம் வலுப்பெற்றது. 14-ஆம் நூற்றாண்டில் 'விச்' பரவியது. 'ஹூம்', 'ஹூஸ்' என்ற வேற்றுமை வடிவங்கள் முன்னரே வந்துவிட்டன. எல்லாருக்கும் கடைசியில் வந்தது 'ஹூ'. 15-ஆம் நூற்றாண்டில் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில், கடவுள் உங்களைக் காப்பாராக என்று கடிதத்தை முடிக்கும் வாசகத்தில் கடவுளைக் குறிக்க 'ஹூ' வருகிறது!

ஆகவே மனு தலைகீழானது. பழைய குடி 'தட்'தான். புகார் கொடுத்த இருவருமே பின்னால் வந்து குடியேறியவர்கள்.

மனிதருக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்' என்ற பாகுபாடும் உடனே நிலைபெறவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் மனிதரைக் குறித்தும் 'விச்' வரும். 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில், பரமபிதாவை வேண்டும் ஜெபத்தில் கடவுளுக்கே 'விச்' வருகிறது. அன்று அது மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபை 1789-இல் வெளியிட்ட ஜெப நூலில் அதே இடத்தில் 'ஹூ' என்று மாற்றிவிட்டார்கள். இதற்கிடையில் மக்களின் காது மாறிவிட்டது.

விதி செய்தவர்கள்

மொழி இப்படித் தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, அதைத் திருத்தப் புறப்பட்டவர்களும் உண்டு. 'நான் வசிக்கும் வீடு' என்பதை 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று மக்கள் இயல்பாகச் சொல்வார்கள். 'இன்' போன்ற சொல்லில் வாக்கியத்தை முடிப்பது தவறு என்று கவிஞர் டிரைடன் 1672-இல் குறை கூறினார். தாம் 1668-இல் வெளியிட்ட நூலையே 1684-இல் அந்த நோக்கில் திருத்திக்கொண்டார். 1926-இல் ஃபவுலர் என்ற அறிஞர், வரையறுக்கும் விளக்கத்துக்குத் 'தட்', கூடுதல் செய்திக்கு 'விச்' என்று பிரித்துக்கொள்ளலாம் என்றார். பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

உண்மையான விதி ஒன்று

அப்படியானால் விதியே இல்லையா என்று கேட்பீர்கள். பொருளையே மாற்றும் விதி ஒன்று இருக்கிறது. அது காற்புள்ளி. 'பழசாகிப்போன மாத்திரைகளை எறிந்துவிடு' என்று தமிழில் சொல்கிறோம். எல்லா மாத்திரையுமா, அவற்றுள் பழசானவை மட்டுமா? தமிழ் வாக்கியத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆங்கில எழுத்தில் 'தி டேப்லெட்ஸ் விச் ஆர் ஓல்டு' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் பழசானவை மட்டும். 'டேப்லெட்ஸ்' என்பதற்குப் பின்னும் 'ஓல்டு' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இட்டால் எல்லாமே பழசு. புட்டி முழுவதும் குப்பைக்குப் போகும்! காற்புள்ளிக்குப் பின் வரும் இத்தகைய விளக்கத்தில் இன்று 'தட்' எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ் வழியில் படித்த நாம் தடுமாறும் இடம் இதுதான். நம் மொழி எழுத்தில் குறித்துக் காட்டாத ஒரு வேறுபாட்டை அந்த மொழி குறித்துக் காட்டச் சொல்கிறது. இது பழக்கக் குறைவே தவிர, அறிவுக் குறைவு அன்று.

ஆகவே மாணவர்களே, இந்தக் காற்புள்ளியைக் கருத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். மனிதரைக் குறித்துத் 'தட்' எழுதியதற்காக உங்கள் தாளில் யாராவது சிவப்பு மை இட்டால், தேர்வுக்காக அதை 'ஹூ' என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் எழுதியது அந்த வீட்டின் பழைய குடியை!