நிமிடக் கணக்கு: சென்னைக் கால்பந்து ரசிகரின் கவலையும் உள்ளூர் வீரரின் வளர்ச்சியும்

அடையாறுக்காரர் கஸ்தூர்பா நகரிலும் மயிலாப்பூர்க்காரர் திருமயிலையிலும் பறக்கும் ரயிலில் ஏறினால், சேப்பாக்கத்தைத் தாண்டித்தான் பார்க் டவுனில் இறங்க வேண்டும். அங்கிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். சென்னையின் எஃப்.சி. ஆடும் நாட்களில் அந்த வழியில் காதில் விழும் முதல் கேள்வி, ஜெயிப்போமா என்பதல்ல. “நம்ம பையன் இன்னிக்கு இறங்குறானா?” என்பதுதான். எழுபதாவது நிமிடம் வரை அந்தப் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் கேலரியில் முணுமுணுப்பு தொடங்கும். எல்லைக்கோட்டை ஒட்டி, சட்டைக்கு மேல் வண்ண பிப் மாட்டிக்கொண்டு அவன் ஓடிப் பழகுவதை ஒரு கண்ணாலும், ஆட்டத்தை மறு கண்ணாலும் பார்ப்பார்கள்.

இந்தக் கவலையை மண்பாசம், அவசரம், விவரம் தெரியாத ஆதங்கம் என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்குவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ரசிகர் நோயைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார். நோய்க்கான பழியைத்தான் இடம் மாற்றிப் போடுகிறார். அவர் பயிற்சியாளரைத் திட்டுகிறார், சில நாள் பையனையே திட்டுகிறார். உண்மையான குறை, மைதானத்துக்கும் முதல் பதினொருவருக்கும் நடுவே இருந்த படி காணாமல் போனதில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய 2014இல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். பத்து அணிகள் ஆடிய 2017–18இல் அது 18 ஆனது, பன்னிரண்டு அணிகள் ஆடிய 2023–24இல் 22. ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினாலும் 22 ஆட்டங்களுக்கு 1,980 நிமிடங்கள்தான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இதே கணக்கு 3,420. இனி, பாதி ஆட்டங்களில் கடைசிக் கால் மணி நேரம் இறக்கப்படும் பத்தொன்பது வயது வீரரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பருவம் முழுவதும் கிடைப்பது 165 நிமிடங்கள், அதாவது இரண்டு முழு ஆட்டங்கள்கூட இல்லை. அவற்றிலும் பெரும்பகுதி, அணி முன்னிலையில் இருந்தால் பந்தைக் காப்பதிலும், பின்தங்கியிருந்தால் உயரமாகத் தூக்கி அடிப்பதிலும் போய்விடும். தவறு செய்து, அதே ஆட்டத்தில் அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு நேரமே கிடைப்பதில்லை.

தனபால் கணேஷின் கதை சென்னை ரசிகரின் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது இதனால்தான். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆடி வளர்ந்த நடுக்கள வீரர் அவர். வட சென்னையின் அந்த மைதானத்துக்கு ஒருமுறைகூடப் போயிராத தி. நகர்க்காரரும் அவரைத் தன் பையனாகவே வரித்துக்கொண்டார். 2018 மார்ச் 13 அன்று கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. மூன்றுக்குப் பூஜ்யம் என்று சென்னை வென்ற அந்த இரவில் ஜெஜே லால்பெக்லுவா இரண்டு கோல்களும் கணேஷ் ஒரு கோலும் அடித்தார்கள். கணேஷின் கோல் தலையால் முட்டியது. நான்கு நாள் கழித்து பெங்களூர் கண்டீரவா அரங்கில் இறுதி ஆட்டம், 3–2 வெற்றி, சென்னைக்கு இரண்டாவது கோப்பை. உள்ளூர்ப் பையன் ஒருவன் அணியின் நடுவே நின்று கோப்பை வாங்கித் தந்த பருவம் அது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைக் காயம் அவரிடமிருந்து பறித்தது. நடப்புச் சாம்பியன் 2018–19இல் 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்கு இறங்கியது. ஒருவர் இல்லாததால் மட்டும் ஓர் அணி அப்படிச் சரியாது. ஆனால் ஒரு வீரர் விழுந்த இடத்தில் நிறுத்த, அதே மண்ணிலிருந்து இன்னொருவர் தயாராக இல்லை என்பதை அந்த ஆண்டு அப்பட்டமாகக் காட்டியது.

நந்தகுமார் சேகரின் கதை வேறு விதமான வலி. சென்னையில் பிறந்தவர். 2017இல் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் ஆடினார். ஐ.எஸ்.எல். களத்தில் அவரை ஆளாக்கியது டெல்லி டைனமோஸ். அந்த அணி 2019இல் ஒடிஷாவாக மாறிய பிறகும் விங்கில் ஆண்டுக்கணக்கில் இடம் கிடைத்தது. 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஒடிஷா சூப்பர் கோப்பையை வென்றது. இறுதியில் தோற்ற பெங்களூரு அணியில் இருந்தவர் சிவகங்கைச் சீமையின் சிவசக்தி நாராயணன், அந்த ஐ.எஸ்.எல். பருவத்தின் வளரும் வீரர் விருதை வாங்கியவர். இரு தமிழ்ப் பையன்கள் எதிரெதிரே, இருவர் மேலும் சென்னைச் சட்டை இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில், டூராண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக நந்தகுமார் அடித்த ஒற்றைக் கோல், மோகன் பகானை நான்கரை ஆண்டுகளாக வெல்லாமல் இருந்த ஏக்கத்தை முடித்துவைத்தது. அன்று எதிரணியின் நடுக்களத்தில் அனிருத் தாப்பா, கோலில் விஷால் கைத். இருவரும் சென்னையின் சட்டையில் ஆடியவர்கள். இந்தக் கோலைப் பார்த்து மயிலாப்பூர் ரசிகருக்கு வரும் பெருமிதத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: இது ஏன் நம் ஊரில் நடக்கவில்லை?

பயிற்சியாளருக்கு இளைஞர்களைப் பிடிக்காது என்பது இதற்குப் பதிலாகாது. 2016இல் வளரும் வீரர் விருது வாங்கிய ஜெரி லால்ரின்சுவாலா சென்னையின் இடது பின்கள வீரர்தான். டேராடூன்காரரான தாப்பா பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்து, தொடர்ந்து ஆடி, தேசிய அணிக்குப் போய், கேப்டனாகி, 2023இல்தான் விடைபெற்றார். ஆக, இளைஞரை வளர்க்க இந்தக் கிளப்புக்குத் தெரியும். ஆனால் மிசோரமும் தேசியக் கூட்டமைப்பின் அகாடமியும் அரைப்பங்கு தயார் செய்து அனுப்பியவர்களையே அது வளர்த்தது. அந்த அரைப்பங்கு வேலையைச் சென்னைக்குள் செய்ய ஆளில்லை.

முன்பு அதற்கு ஒரு படி இருந்தது. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று நிறுவன அணிகள் நிறைந்திருந்தது சென்னை லீக். இந்தியன் வங்கி தேசியக் கால்பந்து லீக்கிலேயே ஆடியது. அதன் முன்கள வீரர் சையது சாபிர் பாஷா பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யின் உதவிப் பயிற்சியாளரானார். இருபது வயதுப் பையனுக்கு அந்த அணிகள் மாதச் சம்பளமும் முழுத் தொண்ணூறு நிமிடமும் தந்தன. வீட்டாரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் காலில் அடிபட்டாலும் வேலை நிலைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது சுருங்கியபோது அந்தப் படி உளுத்தது. சென்னை சிட்டி அதைச் சில ஆண்டுகள் ஈடுகட்டியது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு 2018–19 ஐ-லீக்கை வென்ற அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் அடுத்த பருவமே சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். கன்னியாகுமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜும் அங்கே ஆடித்தான் 2018இல் ஜாம்ஷெட்பூர் போனார். 2020–21க்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. அதன் இடத்தை வேறெந்தத் தமிழக அணியும் முழுதாக நிரப்பவில்லை.

தென் சென்னை, மத்திய சென்னை ரசிகர் இதைச் சட்டென்று உணர்வதற்குக் காரணம் கிரிக்கெட். மேற்கு மாம்பலத்திலிருந்து அஸ்வின் இந்திய அணிக்குப் போன வழி இப்பகுதி வீடுகளுக்குத் தெரியும்: பள்ளி, கீழ் டிவிஷன் கிளப், முதல் டிவிஷன், மாநில அணி. எந்த வயதில் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைப் பெற்றோரே சொல்லிவிடுவார்கள். கால்பந்தாடும் பையனுக்கு அந்த வரைபடம் கிடையாது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் மாலை முழுக்க ஆடுபவர்களில் ஒருவனிடம் பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கே என்று கேட்டால் தெளிவான பதில் வராது.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ரசிகரின் ஆவலே இளம் வீரரைக் கெடுக்கும் என்பார்கள். பார்சிலோனாவில் 2019இல் பதினாறு வயதில் இறக்கப்பட்ட அன்சு ஃபாத்தி, 2020 நவம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியேறி, திரும்பியபோது மெஸ்ஸியின் பத்தாம் எண் சட்டையையும் சுமந்தார். பழைய வேகம் மீளவில்லை. சென்னையிலும், பையனை இறக்கு என்று கத்திய அதே வாய், இரண்டு பாஸ் தவறினால் பையனை எடு என்கிறது. ரஹீம் அலி அதை நிறையவே கேட்டார். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இந்தியக் குழுவில் இருந்த முன்கள வீரர் அவர். ஐ.எஸ்.எல்.லில் நடு முன்கள இடம் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே. களத்தில் அவர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து 2017–18இல் ஐந்தாகவும் 2021–22இல் நான்காகவும் குறைந்தபோதும், கோல் அடிக்கும் இடத்தை அணிகள் எளிதில் விட்டுத்தரவில்லை. ஓரத்துக்குத் தள்ளப்பட்டவரிடம் கோல் கணக்குக் கேட்பது நியாயமில்லை. கேலரியின் குறை உண்மைதான். ஆனால் ஃபாத்தியின் ஆபத்து மிகுதியில் இருந்தது, இங்கே ஆபத்து பற்றாக்குறையில் இருக்கிறது. பார்சிலோனாவின் மருந்தை வியாசர்பாடிக்கு எழுதித் தரக் கூடாது.

ஆகவே ரசிகர் கேட்க வேண்டிய கேள்வி மாற வேண்டும். இன்றைக்கு இறங்குகிறானா என்பதைவிட, இறங்காத வாரத்தில் எங்கே ஆடினான் என்று கேட்கலாம். 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் நல்ல முயற்சி, ஆனால் ஆண்டு முழுவதையும் அது நிரப்பாது. கிளப்பின் இளையோர் சென்னை சீனியர் டிவிஷனில் பெரியவர்களோடு முட்டி மோதி ஆட வேண்டும். இரண்டாம் அடுக்கு லீக் அணிகளுக்கு லோன் போக வேண்டும். ஒவ்வொருவரும் ஆடிய நிமிடங்களைக் கிளப் பருவ முடிவில் வெளியிட வேண்டும். இவை எதற்கும் வெளிநாட்டு வீரர் ஒருவரின் சம்பளம்கூட ஆகாது.

அவசரம் இருக்கிறது. 2025 ஜூலையில், கூட்டமைப்புக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே இடைநிறுத்தியது. பின்னர் 2026 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்ட சுருங்கிய லீக்கில் ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள், அதாவது 1,170 நிமிடங்கள். 2014இன் முதல் பருவத்தைவிட ஓர் ஆட்டம் குறைவு. ஆட்டம் நின்ற அந்த மாதங்களில் பத்தொன்பதைத் தொட்ட பையன்களுக்கு, ரிசர்வ் அணியும் இல்லாமல் லீக்கும் இல்லாமல், போன ஆட்டங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.