பென்சிலால் எழுதிய கட்டளை

பழைய கடதாசிகளை எறிந்துவிடாமல் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தின் மூலமே வந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ஒரு பத்திரிகையில் இரவுக் கடமையிலிருந்தேன். ஆசிரியரிடமிருந்து ஒரு துண்டு வந்தது. மூன்றாம் பக்கத்திலுள்ள ஆசிரியர் இடமாற்றச் செய்தியை எடுக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. நான் செய்தியை எடுத்துவிட்டேன், அதாவது நீக்கிவிட்டேன். முதற் பக்கத்துக்கு எடுக்கும்படியே தாம் எழுதியதாக மறுநாள் ஆசிரியர் கூறினார். துண்டைக் காட்டி வாதிடலாமென்றால் அது குப்பைக் கூடைக்குப் போய் மணித்தியாலக் கணக்காகிவிட்டது.

துண்டைப் பத்திரப்படுத்திய ஒருவரின் கதை இது. அவர் லூக்கன் பிரபு. கிரிமிய யுத்தத்தில் பிரித்தானியக் குதிரைப்படைக்குத் தலைமை வகித்தவர். 1854 ஒக்டோபர் 25ஆம் திகதி பாலக்லாவாப் போர்க்களத்தில் அவரிடம் கொடுக்கப்பட்ட, பென்சிலால் எழுதிய கட்டளை இலண்டன் தேசிய இராணுவ நூதனசாலையிலே பாதுகாக்கப்பட்டு வருகிறது. உலகின் எத்தனையோ இராணுவக் கட்டளைகள் சுவடிக்கூடங்களில் உறங்குகின்றன. இந்த அளவுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்ட கடதாசி வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

அன்று காலை துருக்கிப் படையினர் காத்துநின்ற சிறு அரண்களை ருஷ்யர் கைப்பற்றினர். அங்கிருந்த பிரித்தானியப் பீரங்கிகளும் அவர்கள் வசமாயின. பிரதம தளபதி ரக்லன் பிரபு சமவெளிக்கு மேலே, ஏறத்தாழ 600 அடி உயரத்தில், முழுக்களத்தையும் பார்த்தபடி நின்றார். ருஷ்யர் அப்பீரங்கிகளை இழுத்துச் செல்ல முற்படுவதாக அவருக்குத் தோன்றியது. அவர் சொல்ல, ஜெனரல் எயாரி எழுதினார். குதிரைப்படை விரைந்து முன்னணிக்குச் செல்லவேண்டும், எதிரியைப் பின்தொடர்ந்து பீரங்கிகளைக் கொண்டுசெல்ல விடாது தடுக்கவேண்டும், பிரெஞ்சுக் குதிரைப்படை இடப்புறத்தில் உள்ளது, உடனடி. இவ்வளவுதான் அதன் சாரம்.

எந்த முன்னணி? எந்தப் பீரங்கிகள்? மேலே நின்றவருக்கு இக்கேள்விகளே எழவில்லை. கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கனுக்கோ மேடுகள் மறைத்தன. அவர் கண்ணுக்குத் தெரிந்த பீரங்கிகள் பள்ளத்தாக்கின் மறுமுனையில், ஒரு மைலுக்கும் அப்பால் அணிவகுத்து நின்ற ருஷ்யப் பீரங்கிகளே. இரு மருங்கிலும் எதிரிகள். கட்டளையைக் கொண்டுவந்த கப்டன் நோலனிடம் எந்தப் பீரங்கிகள் என்று லூக்கன் வினவினார். நோலன் கையை வீசி, பள்ளத்தாக்கின் முனையைக் காட்டி, அதோ எதிரி, அதோ பீரங்கிகள் என்ற பொருள்படக் கூறினார் என்பது லூக்கனின் வாக்குமூலம். நோலனின் வாக்குமூலம் இல்லை. பாய்ச்சல் தொடங்கிய சில கணங்களிலேயே குண்டுச் சிதறல் பட்டு இறந்த முதல் மனிதர் அவர்தான்.

லூக்கனின் மைத்துனரும் பகைவருமான கார்டிகன் பிரபு இலகு குதிரைப் படைப்பிரிவை நடத்திச் சென்றார். எதிரே பீரங்கி, இருபுறமும் துப்பாக்கிகள் என்று அவர் நினைவூட்டியபோது வேறு வழியில்லை என்றே பதில் கிடைத்தது. சுமார் 670 பேர் சென்றனர். ஏறத்தாழ 110 பேர் மாண்டனர். காயமடைந்தோர் அதனிலும் அதிகம். எல்லாம் இருபது நிமிடமளவில் முடிந்தது. டென்னிசனின் கவிதை தவறு நிகழ்ந்ததென்று சொல்கிறது, எவருடைய தவறு என்று சொல்லவில்லை. கவிஞருக்கு அது அவசியமில்லை. அதிகாரிகளுக்கு அவசியமாயிருந்தது.

ரக்லன் ஒக்டோபர் 28இல் யுத்த அமைச்சர் நியூகாசில் கோமகனுக்கு அனுப்பிய அறிக்கையில், கட்டளையைத் தவறாக விளங்கிக்கொண்டதால் எப்பாடுபட்டும் தாக்கவேண்டுமென லூக்கன் கருதிவிட்டார் என்று எழுதினார். அச்சில் வந்த அவ்வறிக்கை கிரிமியாவுக்குத் திரும்பி வந்தபோது லூக்கன் கொதித்துப்போனார். நவம்பர் 30இல் மறுப்புக் கடிதம் எழுதினார். அதை மீளப் பெறுமாறு கேட்கப்பட்டும் மறுத்தார். டிசம்பர் 16இல் ரக்லன் அதனைத் தமது விளக்கத்துடன் இலண்டனுக்கு அனுப்பினார். நான்காவது கட்டளையை அதற்கு முந்திய மூன்றாவது கட்டளையுடன் சேர்த்தே வாசித்திருக்கவேண்டும் என்பது அவரது வாதம். மேடுகளை மீட்பது பற்றி மூன்றாவதில் சொல்லப்பட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் என் போன்ற துணை ஆசிரியர்களுக்கு ஆர்வம் மேலிடும். மூன்றாவது கட்டளையில், கட்டளையிடப்பட்ட காலாட்படையின் துணை கிடைக்கும் என்றும், இரு முனைகளில் முன்னேறுதல் பற்றியும் இருந்தது. லூக்கனிடமிருந்த பிரதியில் இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி, அதன்பின் பெரிய எழுத்து. அப்படி வாசித்தால் இரு முனைகளில் முன்னேறவேண்டியது குதிரைப்படை. புள்ளி இல்லையேல் முன்னேறுவது காலாட்படை. லூக்கன் காலாட்படைக்காகக் காத்திருந்தார். ரக்லனோ, ஏன் இன்னும் அசையவில்லை என்று மேலேயிருந்து பொறுமை இழந்துகொண்டிருந்தார்.

பல்லாண்டுகள் வெலிங்டனின் இராணுவச் செயலாளராயிருந்து, கடிதம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் ரக்லன். அவரது தலைமையகத்திலிருந்து இத்தகைய வாசகம் புறப்பட்டதே எனக்கு வியப்பு. மேட்டின் பெயரை ஒரு சொல்லில் குறித்திருந்தால் போதும். லூக்கனை நான் முற்றாக விடுவிக்கவில்லை. கட்டளை விளங்காவிடில் மேலே ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம். உதவி அதிகாரி வாய்மொழியாகச் சொல்வதும் தளபதியே நேரில் சொன்னதற்குச் சமம் என்ற இராணுவ விதியை அவர் தமக்குக் கவசமாக்கினார். விதி உண்மையில் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது, நான்காவது கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டே அவர் போராடினார். 1855 ஜனவரி இறுதியில் அவரைத் திருப்பியழைக்க இலண்டன் தீர்மானித்தது. இராணுவ நீதிமன்ற விசாரணை கேட்டார், மறுக்கப்பட்டது. மார்ச் மாதம் பிரபுக்கள் சபையில் எழுந்து தமது வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். இன்று நாம் இந்தக் கடிதப் பரிமாற்றத்தை வரிக்கு வரி அறிய முடிவதற்கு அவரது பிடிவாதமே பெருங்காரணம். தம்மைக் காத்துக்கொள்ள எடுத்துவைத்த கடதாசி வரலாற்றுக்குச் சேர்ந்தது. ஆனால் வழக்கின் முடிச்சு கடதாசியில் இல்லை. நோலனின் கை எப்பக்கம் நீண்டது, அவரது குரலில் ஏளனம் இருந்ததா என்பவற்றை நூதனசாலைப் பெட்டியில் தேடிப் பயனில்லை.

ரக்லன் 1855 ஜூன் 28இல் கிரிமியாவிலேயே இறந்தார். லூக்கன் அதன்பின் போர்க்களம் காணவில்லை. எனினும் பதவியுயர்வுகள் வந்துகொண்டிருந்தன. 1887இல் பீல்ட் மார்ஷல் ஆனார். மறு ஆண்டு, தமது 88ஆவது வயதில் காலமானார்.