கீழ்க்கரையில் கரும்பும் தென்னையும்: கோமாரிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலைத்து நின்ற பயிர்கள் ஏடேறின. நட்டுப் பார்த்துக் கைவிடப்பட்டவை விடுபட்டன. கரும்பு அவ்வாறு விடுபட்டவற்றுள் ஒன்று. அதன் தோல்விக்கான காரணங்களை ஆராயுமிடத்து, திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, கடலும் களப்பும் நெருங்கிக் கிடக்கும் கோமாரி போன்ற ஊர்களின் நில, நீர் உறவுகளும் துலக்கம் பெறுகின்றன.

1834இல் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, மேற்கிந்தியத் தீவுகளின் சீனி முதலாளிகளது ஆதிக்கம் தளர்ந்தது. மொரீசியசுக்குத் தமிழகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். இலங்கையிலும் முதலீட்டாளர் கண் கரும்பின்மீது விழுந்தது. நிலத்துக்குக் குறைவிருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதெனக் கொள்ள வழிசெய்தது. 1844இல் விலை ஒரு பவுணாக உயர்த்தப்படும்வரை முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விலைபோயிற்று. குடிமக்கள் தலைமுறையாகக் குரக்கனும் சோளமும் விதைத்த நிலம் இவ்வாறு பிறர் பரிசோதனைக்கு உரியதாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காலிக்கு அண்மையில், கின் கங்கைக் கரையிலுள்ள பத்தேகமவில் கரும்புத் தோட்டம் அமைந்தது. ஈரவலயத்தில் கரும்பு செழித்து வளரும். ஆயின் சாறு இனிப்பேறி முதிர்வதற்கு வேண்டிய வறண்ட பருவம் அங்கே போதாது. 1846இன் சீனித் தீர்வைச் சட்டம் கியூபா, பிரேசில் நாடுகளின் அடிமைச் சீனிக்கும் இங்கிலாந்துச் சந்தையைத் திறந்துவிட்டது. மறு ஆண்டே கோப்பி நெருக்கடியும் வந்தது. இந்நிலையில் கரும்பு வேரூன்றாமற் போனதில் வியப்பில்லை.

இதே கணக்கைக் கீழ்க்கரைக்கும் பொருத்திப் பார்ப்போம். இங்கு வறட்சிக்குக் குறைவில்லை, நீருக்குத்தான் குறைவு. வடகீழ்ப் பருவமழை கார்த்திகை முதல் தை வரை கொட்டித் தீர்க்கும். பின் நீண்ட வெயில். கரும்போ ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நிற்பது. வெட்டியபின் ஒரு நாளைக்குள் பிழியாவிடின் சாற்றின் சத்து குன்றும். எனவே ஆலை அருகிலிருத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆட்கள் தொகையாக வேண்டும். தேசாதிபதி வார்ட் (1855-60) காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. அந்நீர் நெல்வயலுக்கே பாய்ந்தது. வயல் உலகில் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான உறவும், வட்டை விதானையின் நீர்ப் பங்கீடும் முன்னரே நிலைபெற்றிருந்தன. வேளாண்மையும் சேனையும் களப்பு மீனும் உள்ள ஒருவன் தோட்டக் கூலிக்கு வராததைச் சோம்பல் எனப் பழித்தல் அக்காலத் தோட்டக்காரர் வழக்கம். அது சோம்பலன்று, கணக்கு என்பதே நமது கருத்து.

தென்னை இவ்வளவு கேட்பதில்லை. மணலிலே நிற்கும், ஆலைக்காக அவசரப்படுத்தாது, நட்டு ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கக்கூடிய பணமுள்ளவனுக்குப் பலன் தரும். மட்டக்களப்புக் கரையில் 1840களிலிருந்து ஐரோப்பியர் தென்னந்தோட்டங்கள் எழுந்தமைக்கு இதுவே அடிப்படை. வென்றது பயிர் மட்டுமன்று. பொறுத்திருக்கும் வசதியுடைய வர்க்கமும் வென்றது. ஆண்டுதோறும் விதைத்து ஆண்டுதோறும் உண்பவனுக்கு அவ்வசதி ஏது?

கரும்பு இப்பகுதிக்கு உண்மையில் வந்தது அரசின் கையால். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பெருநீர்த்தேக்கம் அமைந்தபின், 1960 அளவில் ஹிங்குரானைச் சீனி ஆலை இயங்கலாயிற்று. தனியார் தோட்டத்தால் இயலாத நீரையும் ஆலையையும் பொதுப்பணம் கொடுத்தது. இந்நாட்டுக் கரும்பு நிலங்களிற் பரவலாக நடப்பட்ட கோ 775 எனும் இனம், கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தின் ஆக்கம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எனினும் ஆலை 1990களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. நீர் இருந்தது, நிலம் இருந்தது; பிழிவதற்கு ஆலை இல்லை. 2010களில் அரசும் தனியாரும் பங்குகொண்ட கம்பனியொன்றின் கீழ் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கும்வரை, கரும்புக் காணிகளிற் பல நெல்லுக்குத் திரும்பின.