ரத்தக்குழாய் என்ன சாப்பிடுகிறது?

நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் பாய் விரித்த மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. எண்டோதீலியல் செல்கள் என்று பெயர். வளர்ந்த மனிதரிடம் இவற்றில் பெரும்பாலானவை வருஷக்கணக்கில் பிளவுபடாமல் ஓய்ந்திருக்கும். காயம் பட்டாலோ பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி முளைத்தாலோ விழித்துக்கொண்டு புதுக் கிளை விட ஆரம்பிக்கும். எது எழுப்புகிறது, எது ஓய வைக்கிறது? இதற்கு விடை தேடிய கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் ரொம்ப தாமதமாகத்தான் வருகிறது.

ஆரம்பம் ஜூடா ஃபோக்மன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பிக்குள் கட்டிகளை வளர்த்துப் பார்த்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன. அவற்றையே எடுத்து சுண்டெலிக்குள் வைத்தால் ரத்தக்குழாய்கள் வந்து சேர்ந்தன, கட்டி பெருத்தது. கட்டிதான் குழாய்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971ல் எழுதினார். பலர் நம்பவில்லை. 1989ல் நெப்போலியோனே ஃபெராரா குழு வி.இ.ஜி.எஃப் என்ற அழைப்புப் புரதத்தை அடையாளம் கண்டது. அதை முடக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு 2004ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனா எதிர்பார்த்த பலன் வரல. பலருக்கு சில மாதங்கள்தான் கூடுதலாகக் கிடைத்தன. ஒரு அழைப்பை அடைத்தால் கட்டி வேறு வழியில் கூப்பிட்டது. மார்பகப் புற்றுநோய்க்குத் தந்த அனுமதியை 2011ல் திரும்பவே வாங்கிவிட்டார்கள்.

அதுவரை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கட்டளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல் எதைத் தின்கிறது என்பது அடுப்படிச் சமாச்சாரம், அவ்வளவுதான். பெல்ஜியத்தின் லூவன் நகரில் பீட்டர் கார்மலியட்டின் குழு அந்த அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தது. 2013ல் அவர்கள் சொன்னது இது: ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும் இந்தச் செல்களுக்கு ஆக்சிஜன் பஞ்சமே இல்லை. இருந்தும் தங்கள் ஆற்றலில் சுமார் 85 சதவீதத்தை, ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் குளுக்கோஸை உடைத்தே எடுக்கின்றன. ஓட்டல் வாசலில் குடியிருந்துகொண்டு கட்டுச்சோறு தின்கிற மாதிரி!

யோசித்தால் நியாயம் புரியும். புதுக்கிளை போக வேண்டியது ஆக்சிஜன் வராத இடத்துக்கு. வழிக்குக் கட்டுச்சோறுதானே உதவும்? கிளையின் நுனியில் செல் நீட்டும் மெல்லிய விரல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் போவதில்லை. குளுக்கோஸை உடைக்கும் நொதிகள்தான் அங்கே கூடுகின்றன.

அந்த வேகத்தைக் கூட்டும் நொதி பி.எஃப்.கே.எஃப்.பி.3. அதைக் குறைத்தபோது கிளை விடுவது தடைபட்டது. குளுக்கோஸ் உடைவதை முழுசா நிறுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. எனக்கு இதைவிட ஆச்சரியம் அடுத்த சோதனை. நாட்ச் என்கிற சமிக்ஞை ஒரு செல்லை 'நுனிக்குப் போகாதே, பின்னால் நில்' என்று நிறுத்தி வைக்கும். அந்தச் செல்லில் இந்த நொதியைக் கூட்டினால், கட்டளையை மீறி முன்னுக்கு வந்தது.

அப்புறம் ஓய்வின் பக்கம். 2016ல் ஜெர்மனியில் மைக்கேல் பொடென்டே குழு ஃபாக்ஸோ1 என்ற புரதத்தைக் காட்டியது. வளரத் தூண்டும் மிக் புரதத்தை அது அடக்கி, செல்லின் எரிபொருள் செலவையே இறக்கிவிடுகிறது. எலிகளின் குழாய்ச் செல்களில் ஃபாக்ஸோ1ஐ நீக்கினால் அவை கட்டுக்கடங்காமல் பெருகின.

அப்படியென்றால் ஓய்வு என்பது பட்டினியா? இல்லை. 2018ல் லூவன் குழு பார்த்தபோது, ஓய்ந்திருக்கும் செல்கள் பெருகும் செல்களைவிட அதிகமாகக் கொழுப்பு அமிலத்தை எரித்தன. பெருகும் செல் கொழுப்பின் கார்பனை டி.என்.ஏ கட்டப் பயன்படுத்தும். ஓய்ந்த செல்லோ ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. கொழுப்பை எரிக்கும் வழியை எலிகளில் அடைத்தால் நல்ல குழாய்களின் அரணே கெட்டது. கட்டிக்குப் போகும் குழாயைப் பட்டினி போடப் புறப்படும் மருந்து இதையும் கணக்கில் எடுக்கணும். அந்த எலிகளுக்கு அசிட்டேட் கொடுத்தபோது, அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தின் உப்பைக் கொடுத்தபோது, செல்கள் மறுபடி ஓய்வுக்குத் திரும்பின.