மொட்டை மாடிக்கு 'ஹீட் ப்ரூஃப்' போடப் போறீங்களா? முதல்ல தண்ணியைப் பத்திக் கேளுங்க!

குன்றத்தூர், மாங்காடு, அனகாபுத்தூர் பக்கம் டாப் ஃப்ளோர்ல இருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான். ஏப்ரல் வந்தா ராத்திரி 11 மணிக்கும் சீலிங் அனலடிக்கும். "மேல பெர்லைட் போட்டுடலாம் சார், வீடு ஜில்லுனு ஆகிடும்" என்பார் கான்ட்ராக்டர். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால், அக்டோபர் மழையில் அந்த லேயர் என்ன செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறை. சூளையில் சூடாக்கினால் பொரி மாதிரி பொரிந்து, பல மடங்கு உப்பிவிடும். வெர்மிகுலைட்டும் அப்படித்தான், அடுக்கடுக்காக விரியும் கனிமம். நம்ம திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரிலேயே கிடைக்கிறது. மணலுக்குப் பதில் இவற்றை சிமென்ட்டில் கலந்தால், உள்ளே முழுக்கக் காற்று அடைபட்டிருக்கும். அதுதான் வெப்பத்தைத் தடுக்கிறது.

சிக்கலும் அங்கேதான். சாதாரண கலவையில் மணல் கிட்டத்தட்ட தண்ணீர் குடிக்காது; மணலைச் சுற்றியுள்ள சிமென்ட்தான் குடிக்கும். லைட்வெயிட் கலவையில் ஒவ்வொரு துகளும் குட்டி ஸ்பாஞ்ச். அசையாத காற்றைவிட தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆக, வெயிலுக்காகப் போட்ட லேயர் நனைந்துவிட்டால், போட்ட காசு பாதி வீண். எடையும் ஏறும். அந்த ஈரம் கீழே கான்கிரீட்டுக்குள் இறங்கினால், கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

அதுக்காக தண்ணீர் குடிப்பதே தப்பு என்று நினைக்காதீங்க. தாத்தா காலத்து மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணி தெளித்து, கட்டையால் அடிப்பாங்களே, நினைவிருக்கா? செங்கல் ஜல்லியும் ஒரு லைட்வெயிட் சரக்குதான். அதை ஊற வைத்துத்தான் கலப்பார்கள். காய்ந்த ஜல்லி கலவையின் தண்ணியை உறிஞ்சிவிடும். ஊறிய ஜல்லியோ உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் விட்டு, விரிசலைக் குறைக்கும். மே மாத வெயிலில் இது பெரிய உதவி. அந்தத் தளம் ஈரத்தை வாங்கும், வெயிலில் ஆவியாகவும் விட்டுவிடும்.

இப்போ நடப்பது வேற. ஈரக் கலவையைக் கொட்டி, ரெண்டே நாளில் மேலே டைல்ஸ் ஒட்டி, வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கீழே வாட்டர்ப்ரூஃப், மேலே பெயின்ட். நடுவில் மாட்டிய தண்ணீர் எங்கே போகும்? பெயின்ட் கொப்புளிக்கும், டைல்ஸைத் தட்டினால் 'டொக்கு'ன்னு கேட்கும். மழை நின்று ஒரு வாரம் கழித்து, நல்ல வெயிலில் சீலிங் சொட்டுதா? பெரும்பாலும் அந்த லேயருக்குள் தேங்கின தண்ணிதான்.

தெர்மோகோல் மணி கலந்தால் மணி தண்ணீர் குடிக்காது, உண்மை. ஆனால் மணிகளுக்கு இடையில் இருக்கும் சிமென்ட் குடிக்கும். சரியாகக் கலக்காவிட்டால் மணியெல்லாம் மேலே மிதந்து வந்துவிடும்.

அதனால், கையெழுத்து போடும் முன் வரிசையைக் கேளுங்க. கான்கிரீட் மேல் வாட்டர்ப்ரூஃப் முதலில். பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணி நிறுத்தி, 48 மணி நேரம் ஒழுகுதான்னு பார்க்கணும். அப்புறம்தான் லைட்வெயிட் லேயர், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வைத்து. 3 அங்குல லேயர் காய வாரக்கணக்கில் ஆகலாம். காய்ந்ததா என்று நீங்களே பார்க்கலாம்: ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்க. மறுநாள் ஷீட்டின் அடியில் வியர்த்திருந்தால், டைல்ஸ்காரரை இன்னும் காத்திருக்கச் சொல்லுங்க.

சென்னைக்கு வருடத்தில் கிட்டத்தட்ட 1,400 மி.மீ மழை, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தால் காய நேரம் இருக்கும். செப்டம்பரில் ஆஃபர் விலை சொன்னால், பொங்கல் முடியட்டும்னு சொல்லிடுங்க.