ஓபர்லினில் இறையியல் கற்ற மாணவி

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 1833ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஓபர்லின் கல்லூரி, அடிமைமுறையை எதிர்த்து நின்றது. கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. 1837 முதல் ஆண்களுக்குரிய பட்டப்படிப்பைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. எனவே அங்கு மாணவியர் கண்ட தடை, பகைவரிடமிருந்தன்று, பக்தியுள்ள நண்பரிடமிருந்தே வந்தது. இவ்வரலாற்றைக் கற்போர் இதனை முதலாவது மனத்திற்கொள்ள வேண்டும்.

சொற்போர் வகுப்பில் மாணவியர் அமர்ந்து கேட்கலாம், வாதிடலாகாது. லூசி ஸ்டோன், அன்டொனெட் பிரவுன் என்னும் இருவர் தமக்குள் வாதிட ஒருமுறை இசைவு பெற்றனர். உடனே கல்லூரியின் மாதர் குழுவினர் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தனர். (தடுத்தவரும் பெண்களே!) பின்பு மாணவியர் சிலர் அருகிலிருந்த காட்டில் மறைவாய்க் கூடி வாதிடப் பழகினர். பெண்ணியம் என்னும் சொல் வழங்காத அந்நாளில், தாங்கள் யார் என்பதை அவர்கள் அறிந்துகொண்டது அக்கூட்டங்களிலேதான் எனலாம்.

1847இல் பட்டமளிப்பு விழாக் கட்டுரைக்கு லூசி தெரிந்தெடுக்கப்பட்டார். ஆண் ஒருவரே அதனை வாசிக்கவேண்டும் என்றனர். அவர் எழுதவே மறுத்துவிட்டார். அன்டொனெட் சென்ற வழி வேறு. அவர் குருத்துவத்தை நாடினார். அது ஒருபோதும் கைகூடாதென்று லூசியே சொல்லியும் அவர் பின்வாங்கவில்லை. வகுப்பில் அமரலாம், ஆயின் பட்டமுமில்லை, பிரசங்கிக்கும் உரிமைச்சான்றுமில்லை என்றனர் ஆசிரியர். 1 கொரி. 14:34உம் 1 தீமோ. 2:12உம் அவருக்கெதிரே நின்றன. அவரோ அப்பகுதிகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, பவுலடிகள் கண்டித்தது தகாத வீண்பேச்சையே என்று வியாக்கியானம் எழுதினார். 1849இல் ஓபர்லினின் காலாண்டிதழிலேயே அது அச்சேறிற்று. ‘லலெயின்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அத்துணைக் குறுகிய பொருள் கொள்வது கடினம் என்பதே என் கருத்து. எனினும், தன்னை மௌனமாக்கப் பயன்பட்ட வசனத்துக்கு மாணவி ஒருத்தி வேதவியாக்கியானத்தாலேயே விடையளித்தது, அவ்விடையின் குறையினும் பெரிது.

1850இல் படிப்பை முடித்தார், பட்டம் கிடைக்கவில்லை. 1853 செப்டம்பர் 15ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துச் சௌத் பட்லரில் இருந்த சிறிய காங்கிரிகேஷனல் சபை அவரைக் குருவாக அபிஷேகம் செய்வித்தது. வெஸ்லியன் மெதடிஸ்து போதகர் லூத்தர் லீ, கலா. 3:28ஐ ஆதாரமாய்க்கொண்டு பிரசங்கித்தார். அதே மாதத்தில் நியூயார்க் நகர மதுவிலக்கு மாநாட்டில் அன்டொனெட் பேச எழுந்தபோது, கூச்சலிட்டு அவர் வாயை அடைத்தனர். அக்கூச்சலில் குருமாரும் கலந்திருந்தனர்.

1854இல் விசுவாச ஐயங்களால் அப்பணியை விட்டார். பின்னாளில் யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தார். ஓபர்லின் அவருக்கு 1878இல் மதிப்புறு முதுகலைப் பட்டமும், 1908இல், அவருடைய 83ஆம் வயதில், மதிப்புறு இறையியல் முனைவர் பட்டமும் அளித்தது. 1920 தேர்தலில், 95ஆம் வயதில், அவர் வாக்களித்தார்.